மழை பெய்தால் நித்திரை வராத பெட்டி

போன காலபோகத்தில், முத்தையன்கட்டுப் பக்கத்துச் சிறுகுளம் ஒன்றின் கட்டில் நாங்கள் வைத்த, நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் பெட்டி மூன்று வாரத்துக்குள் நாலு தரம் செத்தது. நாலும் மழை இரவு. விடியப் போய்ப் பார்த்தால் பற்றறி அடிவரை வற்றிக் கிடக்கும். மத்தியானம் வெயில் எறிக்கத் தானாக உயிர்த்துக்கொள்ளும். உயிர்த்தபின் ஒரு குறையும் தெரியாது.

"தம்பி, மழை இல்லாட்டி உங்கட பெட்டி நல்ல வேலை. மழை வந்தாத்தான் படுக்குது. மழைக்கெண்டுதானே இதை வச்சனாங்கள்?" என்றார் துருசு (குளத்து மதகு) திறக்கிற ஐயா. எனக்கு மறுமொழி வரவில்லை.

அவர் கேட்டதில் பிழையில்லை. 2018 மார்கழி 21, 22இல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே இரவில் வெள்ளம் ஏறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. பெரிய குளங்களில் திணைக்களத்து ஆட்கள் இரவிலும் நிற்பார்கள். சிறுகுளத்தில் யார் நிற்பது? ஐயாதான் விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா சைக்கிளில் போய் அளவுகோலைப் பார்ப்பார். இடையில் உள்ள இரவுக்காகத்தான் கமக்கார அமைப்பு காசு சேர்த்து இந்தப் பெட்டியைக் கேட்டது.

பெட்டி பெரிய சாமான் அல்ல. திரை உடைந்த பழைய நெட்புக் ஒன்றைத் திரையைக் கழற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். 12 வோல்ட், 18 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பற்றறி, மேலே சோலர் தட்டு, மொபைல் இணையத்துக்கு ஒரு டொங்கிள். துருசுக்கு மேலே தண்ணீரைப் பார்த்தபடி ஒலியலைச் சென்சர். அதைக் கவனிக்கும் குட்டிப் பலகை யுஎஸ்பி வழியாக நெட்புக்கோடு பேசும். நெட்புக்கில் டெபியன் 12 என்ற லினக்ஸ், அதோடு வரும் 6.1 கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி). குட்டிப் பலகையைக் கர்னலோடு பேசவைக்கும் ட்ரைவரை எழுதியவன் ஒரு கம்பஸ் பெடியன். அது அவனுடைய இறுதியாண்டுச் செயற்திட்டம். ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியைப் போட்டிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். மெமரிக்கு மட்டும் மின் கொடுத்துவிட்டு மற்றதெல்லாவற்றையும் அணைக்கும் நித்திரை அதில் இல்லை. பழைய நெட்புக்கில் இருக்கிறது. அதோடு அது என் கடையில் சும்மா கிடந்தது.

நித்திரை என்று நான் சொல்வது லினக்ஸ் கணினி தன்னை இடைநிறுத்திக்கொள்வதை. இந்தப் பெட்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது. மீற்றர் வைத்து அளந்தேன்: விழித்திருக்கும்போது 9 வாட், நித்திரையில் 0.8 வாட். 15 நிமிடத்துக்கு ஒருதரம் எழும்பி, 90 வினாடி வேலை செய்துவிட்டுப் படுத்தால் சராசரி 1.6 வாட் அளவில் நிற்கும். பற்றறியில் பாதியை மட்டும் எடுக்கலாம் என்று வைத்தால் 108 வாட்-மணி; வெயிலே இல்லாமல் இரண்டரை நாளுக்கு மேல் ஓடும். படுக்கவே இல்லையென்றால் 12 மணித்தியாலம்தான். பின்னேரம் முழுதாக ஏறாத பற்றறி என்றால் சாமம் தாண்டாது.

தொண்ணூறுகளில் கரண்டும் இல்லாமல், பற்றறியும் கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்ட சனம் நாங்கள். மின்சாரம் வீணாவதைப் பார்க்க ஐயாவின் தலைமுறைக்கு மனம் பொறுக்காது. ஒன்பது வாட் என்று நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மழை இரவில் சாகும் சோலர் பெட்டி என்றால் எல்லோருக்கும் ஒரே முடிவுதான் தோன்றும்: தட்டுப் போதாது. எனக்கும் அதுவே தோன்றியது. இரண்டாவது சாவுக்குப் பிறகு தட்டைப் பெரிதாக்கினோம். மூன்றாவது சாவுக்குப் பிறகு பற்றறியை மாற்றினோம். அமைப்பின் காசு போனதுதான் மிச்சம். இரண்டரை நாள் தாங்க வேண்டிய பற்றறி ஒரே இரவில் வற்றுகிறதென்றால் குறை வரவில் அல்ல, செலவில் என்று நாலாவது தரம்தான் தலையில் ஏறியது. பெட்டி இரவு முழுக்க விழித்திருந்திருக்கிறது.

ஏன் விழித்திருந்தது என்று சொல்ல லொக் (கணினி தன் வேலைகளைக் குறித்துவைக்கும் பதிவு) இல்லை. தேய்ந்த வட்டைக் காப்பாற்றுவதற்காக லொக்கை மெமரியில் மட்டும் வைக்கும்படி நானே அமைத்திருந்தேன். மின் போனால் அதுவும் போகும்.

முதல் குறையும் அதற்குச் செய்த வைத்தியமும்

இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. ஐப்பசியில், பெட்டி வைத்த புதிதில், குறை வேறாக இருந்தது. நீர்மட்டம் சில நாள் ஒரே எண்ணில் நின்றுவிடும். இரவு பதினொரு மணிக்கு 7 அடி 4 அங்குலம். விடிய ஆறு மணிக்கும் அதே 7 அடி 4 அங்குலம். இடையில் நல்ல மழை.

அன்று லொக்கில் கிடைத்தது பிழை எண் 113. அதைப் பெயர்த்துச் சொன்னால் "அந்தக் கணினிக்குப் பாதை இல்லை" என்று வரும். வலையமைப்புப் பிழை போலவே இருக்கும். ஒரு கிழமை முழுக்க டொங்கிளை நோண்டினோம். உண்மையில் கர்னலின் யுஎஸ்பி அடுக்கு அதே எண்ணை வேறொரு வேலைக்கும் எடுக்கிறது: நித்திரைக்குப் போய்விட்ட சாதனத்திடம் நீ ஏதாவது கேட்டால் "113" என்று திருப்பி அனுப்பிவிடும். கர்னல் ஆவணத்தில் யுஎஸ்பி பிழை எண்களுக்கு என்றே ஒரு பக்கம் இருக்கிறது. பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

அதாவது, பெட்டி படுக்கப் போகும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளும் யாரோ சென்சரிடம் அளவு கேட்டுக்கொண்டிருந்தார்கள். யார் என்பதில் மர்மம் இல்லை. பெடியனின் ட்ரைவர் ஒரு கர்னல் இழையை (கர்னலுக்குள் தனியாக ஓடிக்கொண்டிருக்கும் வேலை) தொடங்கி வைத்திருந்தது. இரண்டு வினாடிக்கு ஒருதரம் அது சென்சரைக் கேட்டு, விடையை 64 அறை கொண்ட பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடம்) போடும். பயனர் பக்கத்தில், அதாவது கர்னலுக்கு வெளியே, ஒரு நிரல் அதை எடுத்து இணையத்துக்கு அனுப்பும். பிழை வந்தால் பழைய எண்ணையே திருப்பிக் கொடு என்று இழையில் எழுதியிருந்தது. அதனால்தான் ஏழடி நாலங்குலம் விடியும்வரை அசையவில்லை.

கணினி படுக்கும்போது கர்னல் முதலில் பயனர் பக்க நிரல்களை உறைய வைக்கும், அதாவது ஓடாமல் நிறுத்திவைக்கும். அது முடிந்தபின் உறையச் சம்மதித்த கர்னல் இழைகளை உறைய வைக்கும். அதற்குப் பிறகுதான் சாதனங்களை ஒவ்வொன்றாக நித்திரையாக்கும், கடைசியில் மற்ற சிபியுக்களை நிறுத்தும். எழும்பும்போது இதெல்லாம் தலைகீழாக நடக்கும். இதில் "சம்மதித்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். 2007இல் வந்த 2.6.23 கர்னலில் இருந்து கர்னல் இழைகள் இயல்பாகவே உறைவதில்லை. ஒவ்வொன்றும் பிஎஃப்_நோஃப்ரீஸ் என்ற கொடியோடுதான் பிறக்கிறது. உறைய வேண்டுமென்றால் இழை தானாக செட்_ஃப்ரீஸபிள் என்று அழைத்து அந்தக் கொடியை இறக்க வேண்டும். அதற்கு முந்திய காலத்தில் நிலைமை நேர்மாறு; அந்தக் காலத்துப் பாடங்கள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன. பெடியன் படித்ததும் அப்படி ஒன்றுதான். உறையச் சொல்லியிருந்தால் அங்கேயே உறையவைக்கும் ட்ரை_டு_ஃப்ரீஸ் என்ற அழைப்பைச் சுழலின் தலையில் வைத்திருந்தான். கொடி இறங்காததால் அது இருந்தும் இல்லாததுபோல.

நான் சொல்ல, செட்_ஃப்ரீஸபிள் என்ற ஒரு வரியைச் சேர்த்தான். 113 மறைந்தது. நீர்மட்டம் அசையத் தொடங்கியது. நானும் சரி என்று விட்டுவிட்டேன். மழை இரவுச் சாவுகள் எல்லாம் அந்த ஒரு வரிக்குப் பிறகு வந்தவை. குறையில் பாதி என்னுடையது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மேசையில் ஐந்து நாள்

பெட்டியைக் கழற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்து கடை மேசையில் ஓடவிட்டேன். ஐந்து நாள் ஓடியது. 15 நிமிடத்துக்கு ஒருதரம் எழும்பியது, படுத்தது. ஒருதரம்கூடத் தவறவில்லை. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். மின்னழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். பெட்டியை இரவில் வெளியில் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

தடயம் பெட்டிக்குள் இருக்கவில்லை, பெறுகிற பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு அளவீட்டிலும் எடுத்த நேரம் இருக்கும். சேவையகம் பெற்ற நேரத்தைத் தானாகக் குறித்துவைக்கும். வெயில் நாளில் இரண்டுக்கும் இடையே சில வினாடிதான். பெட்டி செத்த நாலு இரவிலும், சாவதற்கு ஐந்தாறு மணித்தியாலத்துக்கு முன்பே அந்த இடைவெளி நிமிடக்கணக்காக விரிந்து, பிறகு அறவே வரத்து நின்றிருந்தது. அதாவது பற்றறி வற்றுவதற்கு நெடுநேரம் முன்பே இணையம் போயிருந்தது. ஐயாவிடம் போனில் கேட்டேன்.

"மழை இறுக்கிப் பெய்தா இஞ்ச சிக்னல் எங்க தம்பி இருக்கு? உங்களோட கதைக்கிறதுக்கே நான் கட்டுக்கு மேல ஏறி நிக்கிறன்."

டொங்கிளில் இருந்து சிம்மை உருவினேன். அடுத்த விழிப்பில் பெட்டி ஒழுங்காகப் படுத்தது. அதற்கடுத்த விழிப்பில் படுக்கவில்லை. லொக் ஓடியது: பயனர் நிரல்கள் உறைந்தாயிற்று. மிச்ச வேலைகளை உறைய வைக்கிறேன். பிறகு இருபது வினாடி மௌனம். பிறகு, ஒரு வேலை உறைய மறுக்கிறது, அதன் பெயர் இது, நித்திரை கைவிடப்படுகிறது. பெயர் எங்கள் இழையின் பெயர்.

இருபது வினாடி என்பது கர்னலின் பொறுமை எல்லை. மாற்றலாம், 20,000 மில்லி வினாடி என்று ஒரு கோப்பில் எழுதியிருக்கும். அந்த எல்லைக்குள் அது திரும்பத் திரும்ப எல்லா வேலைகளையும் சுற்றிப் பார்க்கும். ஒருவன் மறுத்தாலும் உறைந்த அத்தனை பேரையும் உருக வைத்துவிட்டு, படுப்பதை நிறுத்திவிடும். எங்கள் ஸ்கிரிப்ட்டோ, படுக்கவைத்து நேரத்துக்கு எழுப்பும் ஆர்டிசிவேக் கட்டளை என்ன விடை சொன்னது என்று பார்க்காமலே அடுத்த சுற்றுக்குப் போகும். 90 வினாடி விழிப்பு, 20 வினாடி மறுப்பு, திரும்ப 90 வினாடி. விடியும்வரை, அல்லது பற்றறி சாகும்வரை.

எழுப்பினாலும் எழும்பாதவன்

வழக்கமாக உறைய மறுக்கும் இழை "டி" நிலையில் இருக்கும். அதாவது வட்டு போன்ற ஏதோ ஒன்றுக்காக, எழுப்ப முடியாதபடி காத்திருக்கும். லொக்கில் எங்கள் இழை "எஸ்" நிலையில் இருந்தது. எழுப்பக்கூடிய சாதாரண உறக்கம். இதைப் பார்த்துத்தான் நான் அரை நாள் குழம்பினேன். எழுப்பக்கூடியவன் ஏன் எழும்பி வந்து ட்ரை_டு_ஃப்ரீஸைத் தொடவில்லை?

விடை, பயனர் நிரலையும் கர்னல் இழையையும் உறைவிப்பான் (கர்னலில் உறைய வைக்கும் பகுதி) எழுப்பும் விதத்தில் இருக்கிறது. பயனர் நிரலுக்கு ஒரு பொய்ச் சமிக்ஞை போகும். கர்னலுக்குள் எங்கே காத்திருந்தாலும், சமிக்ஞை வந்ததென்று காத்திருப்பை விட்டு வெளியே வந்து, வாசலில் உறையும். கர்னல் இழைக்குச் சமிக்ஞை கிடையாது. வெறுமனே தட்டி எழுப்புவது மட்டும்தான். எங்கள் இழை காத்திருந்தது வெய்ட்_ஈவென்ட்_இன்டரப்டிபிள் என்ற சுழலுக்குள். தட்டினால் கண் விழிக்கும். காத்திருந்த காரியம் நடந்துவிட்டதா என்று பார்க்கும். இல்லை. சமிக்ஞை உண்டா? இல்லை. திரும்பப் படுக்கும். இருபது வினாடிக்கு இதே கூத்து. ட்ரை_டு_ஃப்ரீஸ் இருக்கும் சுழல் தலைக்கு அது வந்து சேர்வதே இல்லை.

சரி, எதற்காகக் காத்திருந்தது? பஃபரில் இடம் வருவதற்காக. இடத்தை உண்டாக்க வேண்டியவன் பயனர் பக்க நிரல். அந்த நிரல் ஓர் அளவீட்டை அனுப்பி, மறுமொழி வந்த பிறகுதான் அடுத்ததை எடுக்கும். சிக்னல் இல்லாவிட்டால் மறுமொழி இல்லை, எடுப்பதும் இல்லை. 64 அறையும் நிரம்ப 128 வினாடி போதும், ஒன்றரை விழிப்பு. நிரம்பியபின் பெட்டி படுக்க முயன்றால், கர்னல் முதலில் உறைய வைப்பது அந்தப் பயனர் நிரலைத்தான். எடுக்கிறவன் உறைந்துவிட்டான், அவன் எடுப்பான் என்று போடுகிறவன் வாசலில் காத்திருக்கிறான். இந்தக் காத்திருப்புக்கு முடிவே இல்லை.

மழை வந்தால் சிக்னல் போகும், சிக்னல் போனால் பஃபர் நிரம்பும், நிரம்பினால் நித்திரை இல்லை, அன்றைக்கென்று பற்றறியும் அரைகுறையாக ஏறியிருக்கும். என் கடையில் சிக்னல் நன்றாக இருந்ததால் ஐந்து நாளும் ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியில் தண்ணீர் தெளித்ததை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவசர வைத்தியம், அதைவிடப் பெரிய வருத்தம்

பாடப் புத்தக விடை ஒன்று இருக்கிறது: இன்டரப்டிபிளை எடுத்துவிட்டு வெய்ட்_ஈவென்ட்_ஃப்ரீஸபிள் போடுவது. 6.1 கர்னலில் பீட்டர் சீல்ஸ்ட்ரா உறைவிப்பானைத் திரும்ப எழுதிய பிறகு இது முன்பைவிட நேர்த்தியாக நடக்கிறது. இழை தான் காத்திருக்கும் நிலையிலேயே "என்னை இங்கேயே உறைய வைக்கலாம்" என்று ஒரு குறி போட்டுக்கொள்கிறது. அதை எழுப்பவே தேவையில்லை. நின்ற இடத்திலேயே உறைந்த நிலைக்கு மாற்றிவிடுவார்கள்.

ஒரு சொல்தானே என்று மாற்றி ஓடவிட்டேன். சிம் இல்லாமல், பஃபர் நிரம்பிய நிலையில் படுக்கச் சொன்னேன். இழை உறைந்தது. அதற்குப் பிறகு பெட்டியும் உறைந்தது, கல்லாக. இருபது வினாடியும் போயிற்று, இருபது நிமிடமும் போயிற்று. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துத்தான் மீட்டேன்.

நடந்தது இது. பெடியன் பஃபரில் எழுதும்போது மியூட்டெக்ஸ் பூட்டு (ஒரு நேரத்தில் ஒருவர் கையில் மட்டும் இருக்கக்கூடியது) ஒன்றை எடுத்திருந்தான், நியாயமாக. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே இடத்துக்காகவும் காத்திருந்தான், அது நியாயமில்லை. ட்ரைவரில், பெட்டி படுக்கும்போது கர்னல் அழைக்கும் ஒரு நித்திரைச் செயற்கூறும் இருந்தது. சென்சரை அணைக்கும் கட்டளையை அனுப்புவதற்கு முன் அது அதே பூட்டைக் கேட்கும். பூட்டு உறைந்தவன் கையில். சாதனங்களை அணைக்கும் கட்டத்துக்கு அந்த இருபது வினாடி எல்லை பொருந்தாது. உறைவிக்கும் கட்டத்துக்கு மட்டும்தான். அதனால் கைவிட்டுத் திரும்பும் வழியே இல்லை. முன்பு பெட்டி படுக்க மறுத்தது, இப்போது படுத்தால் எழும்பாது. குளக்கட்டில் இதை ஓடவிட்டிருந்தால், வெயில் வந்தாலும் பற்றறி வற்றும்வரை அப்படியே கிடந்திருக்கும்.

பூட்டைப் பிடித்தபடி உறைந்தால் எச்சரிக்கும் சோதனை கர்னலிலேயே உண்டு, பூட்டுகளைக் கண்காணிக்கும் அமைப்பை இயக்கி வைத்திருந்தால். டெபியனின் சாதாரண கர்னலில் அது இயக்கப்பட்டிருக்காது. ட்ரைவர் எழுதுகிறவர்கள் அந்த அமைப்போடு ஒரு கர்னலைத் தனியாகக் கட்டி வைத்துக்கொள்வது நல்லது. நான் இப்போதுதான் கட்டினேன்.

வான்

பெட்டியைத் திரும்ப வைக்கும் நாள் தள்ளிப்போனதால் ஐயாவுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கட்டில் பாலை மர நிழலில் இருந்துகொண்டு, இழை, பஃபர் என்றெல்லாம் சொல்லாமல், தண்ணீராகச் சொல்லிப் பார்த்தேன். துருசு திறந்திருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. ஆனால் கடைசி வயல்காரன் முதலில் மடையைக் கட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டான். வாய்க்கால் நிரம்பிவிட்டது. துருசில் நிற்கிறவன், வயல்காரன் மடையைத் திறந்தால்தான் நான் வீட்டுக்குப் போவேன் என்று நிற்கிறான்.

"அப்ப வான் இல்லையோ?"

"இல்லை ஐயா."

"வான் வைக்காமலோ குளம் கட்டினனீங்கள்?"

குளம் நிரம்பினால் மிஞ்சிய தண்ணீர் தானாக வழிந்து போகும் வாசல்தான் வான். எங்கள் பஃபரில் அது இல்லை. அதுதான் வடிவமைப்புக் குறை. செட்_ஃப்ரீஸபிள் அல்ல, மியூட்டெக்ஸும் அல்ல. கர்னலுக்குள் இருந்து அளவீடு போடுகிறவன், தனக்கு முன்பே உறையப் போகிற ஒருவனை நம்பிக் காத்திருக்கவே கூடாது. இடமில்லையென்றால் ஒன்றைக் கொட்டிவிட்டுப் போக வேண்டும். எதைக் கொட்டுவது என்பதில் பெடியனுக்கும் எனக்கும் வாக்குவாதம். புதியதை விட்டுவிட்டால் நிரலில் ஒரு வரிதான் மாறும் என்றான். வெள்ள இரவில் சிக்னல் திரும்பும்போது ஐயாவுக்குத் தேவை அரை மணிக்கு முந்திய மட்டமா, இப்போதைய மட்டமா என்று கேட்டேன். மிகப் பழையதைக் கொட்டுவது என்று முடிவாயிற்று. எத்தனை கொட்டியது என்று எண்ண ஓர் எண்ணியும் வைத்தோம். கொட்டியதை மறைக்கும் பெட்டியை யாரும் நம்பமாட்டார்கள்.

இழையையே எடுத்துவிட்டோம். இரண்டு வினாடிக்கு ஒருதரம் ஒரு சிறு வேலைக்கு ஒரு முழு இழை தேவையில்லை. தாமத வேலை ஒன்றை வேலை வரிசையில் போட்டால் போதும். உறைவிப்பானோடு சேர்ந்து உறையும் வேலை வரிசை ஒன்று கர்னலில் தயாராகவே இருக்கிறது. அதையும் எடுக்கவில்லை. ட்ரைவரின் நித்திரைச் செயற்கூற்றிலேயே கான்சல்_டிலேட்_வர்க்_சிங்க் என்று அழைத்து, ஓடும் வேலை முடியும்வரை நின்று, அடுத்ததை ரத்துச் செய்துவிட்டுத்தான் சென்சரை அணைக்கிறோம். அதற்குப் பிறகுதான் யுஎஸ்பி அடுக்கு அந்தச் சாதனத்தின் வாசலைப் பூட்டும். ஆகவே 113 வர வழியே இல்லை. எழும்பும் செயற்கூறு சென்சரை இயக்கி, அது நிலைப்பட அரை வினாடி கொடுத்து, வேலையைத் திரும்ப வரிசையில் போடும்.

கேத்ரெட்_பார்க் என்ற இன்னொரு வழியும் உண்டு: இழையை வைத்துக்கொண்டே அதை ஓரமாக நிறுத்திவைப்பது. இழை தன் காத்திருப்புச் சுழலில் "நிற்கச் சொல்லியாயிற்றா" என்றும் சேர்த்துப் பார்க்காவிட்டால், நிறுத்துகிறவன் எல்லையே இல்லாமல் காத்துக் கிடப்பான். ஒருதரம் கல்லாகிய பெட்டியைப் பார்த்தவனுக்கு அதில் ஆசை வரவில்லை.

கர்னல் இழைகளை உறைய வைப்பதே தேவையா என்ற விவாதம் பழையது. இந்த ஏற்பாடு வந்ததன் முக்கியக் காரணம், மெமரியை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணையும் ஆழ்நித்திரை; படம் எடுத்தபின் யாராவது வட்டில் எழுதினால் கோப்பு அமைப்பு நாசமாகும். மெமரி நித்திரைக்கு அந்தக் கவலை இல்லை. 2015இல் சோலில் நடந்த கர்னல் உச்சிமாநாட்டில் யிரி கோசினா இழை உறைவிப்பையே எடுத்துவிட வேண்டும் என்று வாதிட்டார். ட்ரைவர்கள் அதை என்ன அர்த்தத்தில் அழைக்கின்றன என்பதே தெளிவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். எங்கள் ட்ரைவர் அதற்கு நல்ல சாட்சி. ட்ரைவருக்கென்றே நித்திரைச் செயற்கூறு இருக்கும்போது, நான் ஏன் பெடியனுக்கு உறைவிப்பானைக் காட்டினேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்கிறேன். ஒரு வரியில் முடியும் என்ற சோம்பல்தான்.

சோதித்த விதம்

ஒவ்வொரு தரமும் பெட்டியை உண்மையாகவே படுக்க வைத்துப் பார்க்கத் தேவையில்லை. சிஸ் கோப்பமைப்பின் பவர் கோப்புறைக்குள் பிஎம்_டெஸ்ட் என்று ஒரு கோப்பு உண்டு. அதில் ஃப்ரீசர் என்று எழுதிவிட்டுப் படுக்கச் சொன்னால், உறைவிக்கும் கட்டம்வரை போய், ஐந்து வினாடி நின்று, திரும்பி வரும். டிவைசஸ் என்று எழுதினால் சாதனங்களை அணைக்கும் கட்டம்வரை போகும். முதல் குறையையும் கல்லான கதையையும் பிடிக்க இரண்டாவதுதான் வேண்டும். பஃபரை நிரப்பச் சிம்மை உருவ வேண்டியதும் இல்லை: எடுக்கிற நிரலுக்கு நிறுத்தச் சமிக்ஞை அனுப்பிவிட்டு இரண்டேகால் நிமிடம் பொறுத்தால் நிரம்பிவிடும். இந்த எளிய சோதனையை ஐப்பசியிலேயே செய்திருந்தால் அமைப்பின் பற்றறிக் காசு மிஞ்சியிருக்கும்.

பழைய ட்ரைவரோடு ஃப்ரீசர் கட்டம் ஒவ்வொரு தரமும் தோற்றது. ஃப்ரீஸபிள் மாற்றத்தோடு ஃப்ரீசர் கட்டம் வென்றது, டிவைசஸ் கட்டம் கல்லானது. ஃப்ரீசரோடு மட்டும் நிறுத்தியிருந்தால் அந்த மாற்றத்தைச் சரியென்று குளக்கட்டுக்கு அனுப்பியிருப்பேன். புதியதை இரவு முழுக்கச் சுழலில் ஓடவிட்டேன்; பஃபர் நிரம்பியும், காலியாகவும், நிரம்பும் தறுவாயிலும்.

ஸ்கிரிப்ட்டையும் விடவில்லை. ஆர்டிசிவேக் பிழையோடு திரும்பினால் இப்போது அது கவனிக்கும். மூன்று தரம் தொடர்ந்து தோற்றால் சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் கோப்புறையில் உள்ள தோல்வி எண்ணிக்கைகளையும் லொக்கின் கடைசிப் பகுதியையும் வட்டில் எழுதிவிட்டு, ஒருதரம் மறுதொடக்கம் செய்யும். அனுப்பும் நிரல், மறுமொழிக்குக் காத்திராமல் அளவீடுகளை முதலில் ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. இதைப் பெடியனே செய்துவிட்டான்.

மார்கழிக் கடைசியில் பெட்டி திரும்பவும் கட்டுக்குப் போயிற்று. தை முதல் கிழமையில் இரண்டு இரவு இறுக்கிப் பெய்தது. இரண்டாம் நாள் விடிய ஐயா போன் எடுத்தார்.

"ராத்திரி ரண்டு மணிக்குப் பிறகு உங்கட பெட்டியில இருந்து ஒண்டும் வரேல்ல தம்பி. செத்துப் போச்சோ?"

போய்ப் பார்த்தேன். சிக்னல்தான் இல்லை. பெட்டி நித்திரையில் இருந்தது, பற்றறி 12.4 வோல்ட்டில். அடுத்த விழிப்புக்காக நின்று லொக்கை எடுத்தேன்: தோற்ற நித்திரை பூச்சியம், இரவு மட்டங்கள் எல்லாம் கோப்பில் வரிசையாக. கொட்டிய எண்ணி 3. அனுப்பும் நிரல் இப்போது யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பிறகு அந்த மூன்றும் எங்கே வழிந்தன என்று பெடியன் தேடிக்கொண்டிருக்கிறான். எழும்பும் கணத்தில், பயனர் பக்கம் உருகுவதற்கு முன் வேலை ஓடிவிடுகிறது என்பது அவன் கணிப்பு. 64 அறை அதற்குள் நிரம்ப முடியாது என்பது என் கணிப்பு.